சிக் சாவர் கைத்துப்பாக்கி ஜெர்மனியை விட்டு அமெரிக்காவுக்குப் போனது ஏன்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜெர்மனியின் வடகோடியில், பால்டிக் கடலோரத்தில் எக்கர்ன்ஃபோர்டே என்றொரு சிற்றூர் இருக்கிறது. பல நாட்டுக் காவல்துறைகளும் ராணுவங்களும் வைத்திருந்த சிக் சாவர் பிஸ்டல்கள் பல பத்தாண்டுகள் அங்கேதான் உருவாயின. 2020 ஜூன் மாதம் அந்த ஆலையை ஆண்டு இறுதிக்குள் மூடப்போவதாக நிறுவனம் அறிவித்தது. இன்று சிக் சாவர் என்றால் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம்தான். "கூலி மலிவு, அதனால் போய்விட்டார்கள்" என்று பலரும் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அது சரியில்லை என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சிக் சாவர் முதலில் எந்த நாட்டு நிறுவனம்?

இரண்டு நாட்டு நிறுவனங்கள் சேர்ந்தது. சுவிட்சர்லாந்தில் ரைன் அருவிக்குப் பக்கத்தில் உள்ள நொய்ஹவுசனில் 1853-ல் ரயில் பெட்டி செய்வதற்காகத் தொடங்கப்பட்டது சிக். சில ஆண்டுகளிலேயே சுவிஸ் ராணுவத்துக்கு 30,000 துப்பாக்கிகள் செய்துகொடுக்கும் வேலை கிடைத்தது. அதிலிருந்து ஆயுதத் தொழில் நிலைத்துவிட்டது. 1949-ல் சுவிஸ் ராணுவம் எடுத்துக்கொண்ட பி210 பிஸ்டல் இன்றும் குறி தவறாமைக்குப் பேர்போனது.

சாவர் அதைவிடப் பழசு. 1751-ல் ஜெர்மனியின் சூல் நகரில் தொடங்கியது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் சூல் சோவியத் ஆதிக்கப் பகுதிக்குள் போனது. நிறுவனம் மேற்கு ஜெர்மனிக்கு வந்து 1951-ல் எக்கர்ன்ஃபோர்டேயில் மறுபடி முதலிலிருந்து தொடங்கியது.

சுவிஸ் நிறுவனம் தன் பிஸ்டலை ஜெர்மனியில் செய்ய வேண்டிய அவசியம் என்ன?

ஏற்றுமதிச் சட்டம். 1960-களின் கடைசியில் சுவிட்சர்லாந்தை உலுக்கிய ஒரு வழக்கு இதற்குப் பின்னணி. ஓர்லிகோன்-பியூர்லே என்ற பெரிய ஆயுத நிறுவனம், ஆயுதம் கடைசியில் யார் கைக்குப் போகிறது என்பதை மறைக்கும் பொய்ச் சான்றிதழ்களைக் காட்டி, தடை செய்யப்பட்ட நாடுகளுக்கு விற்றது அம்பலமானது. பியாஃப்ரா என்ற பகுதியின் பிரிவினைப் போரில் இருந்த நைஜீரியாவும் இனவெறி ஆட்சியில் இருந்த தென்னாப்பிரிக்காவும் அந்த நாடுகளில் அடக்கம். 1970-ல் தண்டனை வந்தது. 1972-ல் ஆயுத ஏற்றுமதியையே தடை செய்யலாமா என்று நாடு தழுவிய வாக்கெடுப்பு நடந்து, தடைக் கோரிக்கை மயிரிழையில் தோற்றது. ஆனாலும் சட்டம் இறுகியது.

சிக் அப்போது பி220 என்ற புது பிஸ்டலைத் தயாரித்துக்கொண்டிருந்தது. சுவிஸ் ராணுவம் அதை 1975-ல் ஏற்றுக்கொண்டது. ஆனால் ஒரு சின்ன நாட்டின் ராணுவத்தை மட்டும் நம்பி ஆலை ஓடாது. வெளியே விற்றாக வேண்டும். ஜெர்மனியில் சட்டம் அந்தக் காலத்தில் அவ்வளவு இறுக்கமில்லை. எனவே சிக், சாவருடன் கைகோத்தது. வடிவமைப்பு சுவிஸ், தயாரிப்பு ஜெர்மனி. ஒரு நாட்டின் சட்டம் இறுகியதும் உற்பத்தி எல்லை தாண்டிய முதல் தடவை இது. இரண்டாவது தடவையும் ஏறக்குறைய இதே காரணத்துக்காக நடந்தது என்பதைக் கீழே பார்ப்போம்.

அமெரிக்காவில் எப்போது கால் வைத்தார்கள்?

1985-ல் வர்ஜீனியா மாநிலத்தில் சிக்ஆர்ம்ஸ் என்ற பெயரில் இறக்குமதி அலுவலகம் திறந்தார்கள். அப்போது அது விற்பனைக் கிளை மட்டும்தான். 1990-களின் தொடக்கத்தில் நியூ ஹாம்ப்ஷயரின் எக்ஸிட்டர் நகருக்கு இடம் மாறி, அங்கே சிறிய அளவில் உற்பத்தியும் தொடங்கியது. 2000-ல் தாய் நிறுவனமான சிக் தன் ஆயுதப் பிரிவை இரண்டு ஜெர்மன் முதலீட்டாளர்களுக்கு விற்றுவிட்டு, பால், பழச்சாறு அடைக்கும் அட்டைப்பெட்டித் தொழிலோடு நின்றுகொண்டது. 2007-ல் சிக்ஆர்ம்ஸ் தன் பெயரை சிக் சாவர் என்று மாற்றிக்கொண்டது. 2014-ல் நியூயிங்டனில் பெரிய ஆலை. பிறகு ஆர்கன்சா மாநிலத்தில் தோட்டா ஆலை.

ஆக, ஒரே நாளில் பெட்டி கட்டிக்கொண்டு போகவில்லை. முப்பத்தைந்து ஆண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாகப் பாரம் மேற்கே சாய்ந்தது.

அமெரிக்க ராணுவத்தின் 1985 போட்டியில் தோற்றார்களே, அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

நிறைய உண்டு. பழைய கோல்ட் 1911-க்கு மாற்று தேடி அமெரிக்க ராணுவம் நடத்திய தேர்வில் இரண்டு பிஸ்டல்கள்தான் எல்லாச் சோதனையையும் திருப்தியாக முடித்தன: இத்தாலியின் பெரெட்டா 92, சிக் சாவரின் பி226. தனிப் பிஸ்டலின் விலையில் சிக் 176.33 டாலர், பெரெட்டா 178.50 டாலர். தோட்டா அடுக்கும் மேகசின், உதிரி பாகங்கள் எல்லாம் சேர்த்த மொத்தக் கணக்கில் பெரெட்டா மலிவாக வந்து வென்றது.

வென்ற பெரெட்டா அந்தத் துப்பாக்கியை அமெரிக்க மண்ணில் செய்து தரவேண்டும் என்பது நிபந்தனை. மேரிலாந்தின் அக்கோகீக்கில் அதற்காக ஆலை ஓடியது. அதைப் பார்த்த எல்லா வெளிநாட்டு நிறுவனங்களுக்கும் ஒன்று புரிந்தது: அந்த ராணுவத்துக்கு விற்க வேண்டுமானால் அங்கேயே ஆலை வேண்டும். தோற்ற பி226-ஐ அமெரிக்கக் கடற்படையின் சிறப்புப் படையான சீல் வீரர்கள் எடுத்துக்கொண்டதால் பெயர் மட்டும் பரவிவிட்டது.

ஜெர்மனியில் செய்த பி226-க்கும் அமெரிக்காவில் செய்ததற்கும் உண்மையிலேயே வித்தியாசம் இருக்கிறதா?

இருக்கிறது, அதுவும் கண்ணால் பார்க்கக்கூடிய வித்தியாசம். பழைய ஜெர்மன் பி226-ஐக் கையில் எடுத்தால் ஸ்லைடைக் கவனியுங்கள். சுடும்போது பின்னால் போய்வரும் மேல்பாகம்தான் ஸ்லைடு. அது ஒற்றை இரும்புக் கட்டியிலிருந்து குடைந்ததில்லை. கனத்த எஃகுத் தகட்டை அச்சில் அழுத்தி வளைத்து, முன்மூக்கைப் பற்றவைத்து, தோட்டாவின் பின்பக்கத்தைத் தாங்கும் கட்டியைத் தனியாகச் செய்து உள்ளே செருகி, குறுக்கே ஆணி போன்ற ஒரு பின் அடித்திருப்பார்கள். பக்கவாட்டில் பார்த்தால் அந்தப் பின்னின் தலை தெரியும். போருக்குப் பிந்தைய ஜெர்மன் தகட்டு வேலை நுட்பம் அது. எடையும் குறைவு, செலவும் குறைவு.

1990-ல் அமெரிக்கக் காவல்துறைகள் புதிதாக வந்த .40 அங்குல விட்டத் தோட்டாவின் மீது மோகம் கொண்டன. அதன் உதை 9 மி.மீ.-ஐவிட அதிகம், தகட்டு ஸ்லைடுக்கு அது ஒத்துவரவில்லை. கனமான ஸ்லைடு தேவைப்பட்டது. எக்ஸிட்டரில் கணினி இயக்கும் கடைசல் எந்திரங்களை வைத்து ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கட்டியிலிருந்து முழு ஸ்லைடைக் குடைந்தெடுத்தார்கள். அப்படிப் பிறந்ததுதான் பி229. அமெரிக்க அதிபருக்குக் காவல் நிற்கும் சீக்ரெட் சர்வீஸ் பின்னாளில் எடுத்துச் சென்றது இதைத்தான். பிறகு பி226-க்கும் அதே ஸ்லைடு வந்தது.

இதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். அமெரிக்காவுக்குப் போனது அப்படியே நகல் எடுத்த பொருள் இல்லை. அங்கத்திய தோட்டா, அங்கத்திய எந்திரம், அங்கத்திய வாடிக்கையாளர் என்று எல்லாம் சேர்ந்து துப்பாக்கியையே மாற்றிவிட்டன. உற்பத்தி போன வழியிலேயே வடிவமைப்பும் போனது. ஜெர்மனியில் எஞ்சியது விளையாட்டுச் சுடுதலுக்கான, கைவேலை மிகுந்த எக்ஸ்-ஃபைவ் போன்ற சிறு எண்ணிக்கைத் துப்பாக்கிகள்.

அமெரிக்கச் சட்டம் இறக்குமதியைத் தடுக்கிறதா?

முழுவதும் இல்லை, சிறிய பிஸ்டல்களைத் தடுக்கிறது. 1968-ன் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, தனிநபர்களுக்கு விற்க இறக்குமதியாகும் துப்பாக்கி 'விளையாட்டுப் பயன்பாட்டுக்கு' ஏற்றதாக இருக்க வேண்டும். அதை அளக்க ஒரு மதிப்பெண் பட்டியல் உண்டு. நீளம், எடை, தோட்டா அளவு, பாதுகாப்பு அமைப்பு, குறிபார்க்கும் முள் என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். 75 எடுத்தால் தேறும். அதற்கும் முன்னால் குறைந்தபட்ச அளவு: நீளம் 6 அங்குலம், உயரம் 4 அங்குலம்.

நாட்டுக்குள்ளேயே செய்த பிஸ்டலுக்கு இந்தத் தேர்வே கிடையாது. 2018-ல் வந்து அமோகமாக விற்ற சிக் பி365-ன் நீளம் 5.8 அங்குலம். ஜெர்மனியில் செய்திருந்தால் அமெரிக்கக் கடைக்கு வந்திருக்கவே முடியாது. நியூ ஹாம்ப்ஷயரில் செய்ததால் தாராளமாக விற்கலாம். இடுப்பில் மறைத்து எடுத்துச் செல்லும் சின்னப் பிஸ்டலுக்குத்தான் அமெரிக்காவில் இன்று பெரும் கிராக்கி. அந்தச் சந்தை வேண்டும் என்றால் வெளியே இருந்துகொண்டு ஆகாது.

ஆஸ்திரிய நிறுவனமான குளோக்கும் இதே வழிதான் போனது. 2014-ல் வந்த குளோக் 42-ஐ ஜார்ஜியா மாநிலத்தின் ஸ்மர்னாவில் செய்கிறார்கள். அதே தோட்டாவுக்கான குளோக் 25 ஆஸ்திரியாவில் செய்யப்படுவதால் அமெரிக்கப் பொதுமக்களுக்கு விற்பனைக்கு வரவில்லை.

அப்போ கூலி காரணமே இல்லையா?

இல்லை என்றே சொல்வேன். நியூ ஹாம்ப்ஷயர் கூலி மலிவான ஊரில்லை. சம்பளத்துக்கு மாநில வருமான வரி இல்லை, விற்பனை வரி இல்லை, துப்பாக்கிச் சட்டம் தளர்வு, இவை உதவியிருக்கும். பிஸ்டல் மீதான 10% கூட்டாட்சித் தீர்வை உள்நாட்டுச் சரக்கு, இறக்குமதி இரண்டுக்குமே உண்டு.

2017-ல் கிடைத்த ராணுவ ஒப்பந்தம் எவ்வளவு பெரியது?

அதிகபட்சம் 58 கோடி டாலர். பெரெட்டா 92-ன் ராணுவ வடிவமான எம்9-க்கு மாற்றாக, சிக் சாவரின் பி320 பிஸ்டலின் ராணுவ வடிவம் எம்17 என்ற பெயரில் தேர்வானது. போட்டியில் தோற்ற குளோக் ஆட்சேபித்தது, 2017-ல் அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் அதைத் தள்ளுபடி செய்தது. அந்த முடிவில் வெளியான கணக்கு: சிக் கேட்ட தொகை 16.95 கோடி டாலர், குளோக் கேட்டது 27.22 கோடி டாலர். பத்துக் கோடிக்கும் மேல் வித்தியாசம். 1985-ல் விலைக் கணக்கில் தோற்ற நிறுவனம் 32 ஆண்டுக்குப் பின் அதே விலைக் கணக்கில் வென்றது.

பி320-ல் வரிசை எண் பொறிக்கப்படுவது உள்ளே இருக்கும் சின்ன எஃகுப் பொறியமைவில்தான். சட்டப்படி துப்பாக்கி அதுதான். பிடி, ஸ்லைடு, பேரல் எல்லாவற்றையும் கழற்றி மாற்றலாம்.

கொலம்பியா வழக்கு என்கிறார்களே, அது என்ன?

ஆலை மூடியதைப் புரிந்துகொள்ள இதுதான் முக்கியம்.

ஜெர்மனியிலிருந்து துப்பாக்கி ஏற்றுமதி செய்ய அரசு அனுமதி வேண்டும். அனுமதி கேட்கும்போது, கடைசியில் இதைப் பயன்படுத்தப்போவது யார் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். எக்கர்ன்ஃபோர்டேயில் செய்த எஸ்பி2022 பிஸ்டல்களுக்கு 'அமெரிக்கா' என்று எழுதிக் கொடுத்தார்கள். துப்பாக்கிகள் நியூ ஹாம்ப்ஷயருக்குப் போயின. அங்கிருந்து கொலம்பியாவின் தேசியக் காவல்துறைக்குப் போயின. உள்நாட்டுப் போரில் இருந்த கொலம்பியாவுக்கு நேராக அனுப்ப ஜெர்மனி அனுமதித்திருக்காது. 2009-ல் தொடங்கிச் சில ஆண்டுகளில் இப்படிப் போனவை சுமார் 38,000.

கீல் நகர நீதிமன்றத்தில் 2019-ல் விசாரணை நடந்தது. நிர்வாகிகள் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். ஏப்ரல் மாதம் தீர்ப்பு: மூவருக்கு நிறுத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை, அபராதம், நிறுவனத்திடமிருந்து சுமார் 1.1 கோடி யூரோ பறிமுதல். 2021-ல் ஜெர்மனியின் உச்ச நீதிமன்றமும் பறிமுதலை உறுதிசெய்தது.

யாரும் சிறைக்குப் போகவில்லை என்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது. 38,000 கைத்துப்பாக்கி சின்ன எண்ணிக்கை அல்ல. ஒரு துப்பாக்கி பராமரித்தால் ஐம்பது ஆண்டும் சுடும். எழுதிக் கொடுத்த காகிதம் பொய் என்று தெரிய வருவதற்குள் அது பல கை மாறிவிடும். சுவிட்சர்லாந்தில் 1970-ல் எந்தக் காகிதத்தால் புயல் கிளம்பியதோ அதே வகைக் காகிதம்தான் இங்கும். அங்கே சட்டம் இறுகி உற்பத்தி ஜெர்மனிக்கு வந்தது. இங்கே சட்டம் கடித்த அடுத்த ஆண்டே ஜெர்மன் ஆலை மூடப்பட்டது.

அந்த வழக்கால்தான் மூடினார்கள் என்று சொல்லலாமா?

நிறுவனம் அப்படிச் சொல்லவில்லை. ஜெர்மனியில் தொழில் நடத்துவதன் பாதகங்களையும், அரசுக் கொள்முதலில் வாய்ப்பு கிடைக்காததையும் காரணமாகக் காட்டியது. ஜெர்மன் ராணுவத்தின் புதிய துப்பாக்கிப் போட்டியிலிருந்து அது முன்பே குறைகூறி விலகியிருந்தது. வழக்கு நடந்த ஆண்டுகளில் ஏற்றுமதி அனுமதி கிடைப்பதும் சிரமமாகியிருந்தது. எல்லாம் சேர்ந்து ஒரே பக்கம் தள்ளின என்பதே என் கணிப்பு.

ஊழியர்கள் என்ன ஆனார்கள்?

கடைசியில் எஞ்சியிருந்தவர்கள் சுமார் 125 பேர். நிர்வாகிகள் செய்த தவறுக்குப் பட்டறையில் நின்றவர்கள் வேலையைக் கொடுத்தார்கள். எந்திரத்தை விற்கலாம், இன்னொரு நாட்டில் வாங்கலாம். ஸ்லைடையும் அதைத் தாங்கும் அடிச்சட்டகத்தையும் அரத்தால் தேய்த்துத் தேய்த்து, ஆட்டமில்லாமல் பொருத்தும் விரல்களை அப்படிக் கொண்டுபோக முடியாது. சாவர் பெயரில் வேட்டைத் துப்பாக்கி செய்யும் நிறுவனம் தனியானது; அது தெற்கு ஜெர்மனியின் இஸ்னியில் இன்னும் இயங்குகிறது.

அமெரிக்கா போனபின் தரம் குறைந்துவிட்டதா?

ஜெர்மன் என்றால் உயர்வு, அமெரிக்கா என்றால் மட்டம் என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. குடைந்தெடுத்த ஸ்டெயின்லெஸ் ஸ்லைடு பழைய தகட்டு ஸ்லைடைவிட உறுதியானது.

பி320 விவகாரம் வேறு. 2017-ல் அது குறிப்பிட்ட கோணத்தில் கீழே விழுந்தால் வெடிக்கக்கூடும் என்று தெரிந்து, நிறுவனம் இலவசமாக மாற்றி அமைத்துக் கொடுத்தது. அதன் பிறகும், விசையைத் தொடாமலே வெடித்ததாகப் பலர் வழக்குத் தொடுத்திருக்கிறார்கள்; துப்பாக்கியில் பழுதில்லை என்று நிறுவனம் மறுக்கிறது. 2024-ல் ஜார்ஜியாவிலும் ஃபிலடெல்ஃபியாவிலும் ஜூரிகள் நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். 2025-ல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலமோ, வெளிப்புறப் பாதுகாப்புப் பூட்டு இல்லை என்பது போன்ற காரணங்களைக் காட்டி வழக்குப் போட முடியாதபடி தயாரிப்பாளர்களுக்குக் காப்பளித்துச் சட்டம் இயற்றியது. ஊரில் பெரிய முதலாளி ஆகிவிட்டால் சட்டமன்றம் காது கொடுக்கும். காயம்பட்டவர் தரப்பிலிருந்து பார்த்தால் இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

பழைய ஜெர்மன் துப்பாக்கி என்று எப்படி அடையாளம் காண்பது?

ஸ்லைடின் மூக்குப் பகுதியைக் கவிழ்த்துப் பாருங்கள். ஜெர்மன் சோதனைச் சாலையின் கழுகு முத்திரை, கீல் நகரின் இலை முத்திரை, இரண்டு எழுத்தில் ஆண்டுக் குறியீடு ஆகியவை இருக்கும். ஏ என்றால் 0, பி என்றால் 1 என்று வரிசையாகப் போகும்; இடையில் ஐ என்ற எழுத்து இல்லை என்பதால் ஜே 8, கே 9. 'ஜேகே' என்றிருந்தால் 1989. ஜெர்மனியில் எல்லாத் துப்பாக்கியையும் அரசுச் சோதனைச் சாலை கூடுதல் அழுத்தத் தோட்டாவால் சுட்டுப் பார்த்தே விற்பனைக்கு விடும். அமெரிக்காவில் அப்படி அரசுக் கட்டாயம் இல்லை, தயாரிப்பாளரே சோதித்துக்கொள்கிறார்.

வேறு எந்தெந்த நிறுவனங்கள் இப்படிப் போயின?

ஜெர்மனியின் வால்தர் ஆர்கன்சாவின் ஃபோர்ட் ஸ்மித்தில் பிபிகே செய்கிறது. 1968 சட்டத்தின் உயர அளவில் தவறிய பிஸ்டல் அது. பெல்ஜியத்தின் எஃப்என் தென் கரோலினாவில் இருக்கிறது. செக் நாட்டின் சிஇசட் 2021-ல் கோல்ட் நிறுவனத்தையே வாங்கிவிட்டது. பெரெட்டா, மேரிலாந்தின் 2013 சட்டம் பிடிக்காமல் டென்னஸியின் காலட்டினுக்கு மாறியது. ஒரே நாட்டுக்குள்ளும் சட்டம் பார்த்து ஆலை நகரும் என்பதற்கு அது சான்று. பிரேசிலின் டாரஸ் 2019-ல் மியாமியை விட்டு ஜார்ஜியாவின் பெய்ன்பிரிட்ஜுக்குப் போனது. இன்னொரு பக்கம் இந்தியக் கூட்டாளியுடன் ஹரியானாவின் ஹிசாரிலும் ஆலை தொடங்கியிருக்கிறது.

இப்போது சிக் துப்பாக்கி வெளிநாடு போக யார் அனுமதி தருகிறார்கள்?

வாஷிங்டன். பொதுச்சந்தைக் கைத்துப்பாக்கிகளின் ஏற்றுமதி 2020 மார்ச்சில் வெளியுறவுத் துறையிடமிருந்து வணிகத் துறைக்கு மாறியது. 2024-ல் விதிகள் இறுகின, 2025-ல் மறுபடி தளர்ந்தன. ஆட்சி மாறினால் விதியும் மாறுகிறது.

இந்திய ராணுவத்திடம் இருக்கும் சிக் துப்பாக்கிகள் எங்கே செய்தவை?

2019-ல் வாங்கிய 72,400 சிக்716 துப்பாக்கிகள் அமெரிக்க நிறுவனத்திடமிருந்து வந்தவை. அவை பிஸ்டல் இல்லை, 7.62 மி.மீ. நீளத் துப்பாக்கிகள். 2024-ல் மேலும் 73,000 வாங்க ஒப்பந்தமானது. ஜெர்மனி சிறு ஆயுதங்களை இந்தியாவுக்கு விற்க நெடுங்காலம் தயங்கியது. 2019-ல் இந்தியா முதல் ஒப்பந்தம் போட்ட அதே ஆண்டு, ஐரோப்பிய ஒன்றியம், நேட்டோ போன்ற வட்டத்துக்கு வெளியே உள்ள நாடுகளுக்குச் சிறு ஆயுதம் அனுப்புவதில்லை என்பதைக் கொள்கையாகவே அறிவித்தது. இந்தியா அந்த வட்டத்துக்கு வெளியேதான் இருக்கிறது. எக்கர்ன்ஃபோர்டேயில் செய்ய வேண்டியிருந்தால் அந்தத் துப்பாக்கிகளுக்கு அனுமதி வாங்குவது பெரும்பாடாகியிருக்கும்.